ஈயம் தைத்த பாவாடை

எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வது பெரிய வித்தை இல்லை. இரண்டு முறை விழுந்து எழுந்தால் வந்துவிடும். எதை உடுத்திக்கொண்டு ஓட்டுவது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆயுசு போதாது. அதற்கென்று எங்கும் சட்டம் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் மீறிப் பாருங்கள், தூத்துக்குடியே நீதிமன்றமாகிவிடும்.

ஆண்களுக்கான சட்டங்கள் எனக்கு முன்னாலேயே அத்துப்படி. மற்ற ஊர்க்காரர்கள் லுங்கி என்று சொல்வதை நாங்கள் சாரம் என்போம். சாரம் கட்டிக்கொண்டு சொந்தத் தெருவில் ஓட்டலாம், கடற்கரையில் ஓட்டலாம். அதோடு கடைத்தெருவுக்குள் நுழைந்தால், "ஏலே, வீட்டில வேட்டி எல்லாம் வெளுக்கப் போட்டிருக்கா?" என்று எந்தக் கடையிலிருந்தாவது ஒரு அண்ணாச்சி கேட்பார். வேட்டியை மடித்துக் கட்டி ஓட்டலாம். பெரியவர் யாராவது எதிரே வந்தால் இறக்கிவிட வேண்டும். ஓடுகிற சைக்கிளில் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, சீட்டை விட்டு லேசாக எழும்பி, மறு கையால் மடிப்பை அவிழ்த்துவிடுவார்கள். பெரியவர் தாண்டியதும் அது தானாக மேலே ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியவர்கள் வரிசையாக வரும் நேரத்தில் அந்தத் தெரு வழியே சைக்கிளில் போகிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இறக்குவதும் ஏற்றுவதுமாக அவன் மிதிக்க மறந்து விழப் போவான்.

பேண்ட் போட்டவர்கள் வலது காலில் மட்டும் கிளிப் மாட்டலாம். செயின் இருப்பது அந்தப் பக்கம்தானே. இரண்டு காலிலும் மாட்டியவனைக் கோழைப் பயல் என்று சிரிப்பார்கள். அந்த வருஷங்களில் பெல்பாட்டம் வந்து இந்தச் சட்டத்தையும் குழப்பிவிட்டது. கிளிப் போட்டால் பெல்பாட்டம் தைத்ததற்கு அர்த்தம் இல்லை. போடாவிட்டால் பெல்பாட்டமே இல்லை, செயின் தின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. கோயில் மணி. நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள், மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வோம். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை ஜெப மணி அடிக்கும். அது கேட்ட இடத்திலேயே சைக்கிளை நிறுத்தி இறங்க வேண்டும். ஆண்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்குவார்கள், தலையில் கட்டிய துண்டை எடுத்துத் தோளில் போடுவார்கள். பெண்கள் முந்தானையை இழுத்து முக்காடு போடுவார்கள். ஜெபம் முடிகிற வரைக்கும் தெருவில் காக்கை மட்டும்தான் அசையும்.

சைக்கிள் ஓட்டும் பெண் என்ன உடுத்த வேண்டும் என்பதற்கு மட்டும் சட்டமே கிடையாது. ஏனென்றால் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் சைக்கிள் ஓட்டியதில்லை. சட்டம் இல்லாத இடத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று நான் நினைத்தேன். எவ்வளவு பெரிய மக்கு நான்! சட்டம் இல்லாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு சட்டம் போடுவார்கள்.

நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆபீஸ் பீச் ரோட்டில் இருந்தவரை வீட்டிலிருந்து நடந்தே போய்வந்தேன். புதிய துறைமுகம் திறந்ததும் ஆபீஸ் அங்கே போய்விட்டது. ஊருக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் சாலையில் போக வேண்டும். பஸ் உண்டு என்பார்கள். அது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அந்த வேலை எனக்கு உயிர். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தால் என்னை யாரும் எதுவும் சொல்ல முடியாது, அந்தச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

அப்பா தோணியில் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணிக்குத் தலைவர் என்று அர்த்தம். கச்சான் காற்றுக் காலத்தில் தோணிகள் ஓடாது, அப்பா வீட்டில் இருப்பார். அப்போதுதான் எனக்கு ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். காற்று மாறியதும் கொழும்புக்குக் கிளம்பிவிட்டார். சைக்கிளும் நானும் அம்மாவிடம் மாட்டிக்கொண்டோம்.

அம்மா சைக்கிளைச் சுற்றி ஒரு நடை வந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏளா, நல்லாக் கேட்டுக்க. உன் சேலையப் பத்தித் தெருவில எவ வாயிலயாவது ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, அன்னைக்கே இதைப் பூட்டிருவேன். சைக்கிளும் கிடையாது, டைப்பு அடிக்கவும் வேண்டாம்."

சொன்னால் செய்கிறவள் அவள். அதனால் தெருவாரின் வாய்தான் என் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது.

முதல் நாள் நைலக்ஸ் சேலை கட்டினேன். உப்பளச் சாலையில் காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. முந்தானை ஒரு பக்கம் கிளம்பியது, கொசுவம் இன்னொரு பக்கம் கிளம்பியது, நான் மட்டும் கிளம்பாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எதிரே வந்த லாரி டிரைவர் ஒருவர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரியையும் கொஞ்சம் திருப்பிவிட்டார். நல்லவேளை, பக்கத்தில் உப்பு அம்பாரம்தான் இருந்தது.

அன்று மாலையே அம்மா வேலையைத் தொடங்கினாள். நைலக்ஸ் பெட்டிக்குள் போனது. கைத்தறிச் சேலைக்குக் கஞ்சி போட்டாள், சாதாரணக் கஞ்சி இல்லை, கழற்றி வைத்தாலும் சேலை நிற்கும். முந்தானையை முதுகைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து இடுப்பில் இழுத்துச் செருகினாள். தோளில் ஒரு ஊக்கு, இடுப்பில் ஒரு ஊக்கு. அதோடு விட்டாளா? வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை எங்கிருந்தோ வாங்கி வந்து என் உள்பாவாடையின் கீழ்க்கரையில் சுற்றிலும் வைத்துத் தைத்தாள்.

"வலையே கடலுக்கு அடியில போயி நிக்குது. உன் பாவாடை நிக்காதா?" என்றாள்.

நின்றது. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் ஈயம் என் கணுக்காலில் ஒரு போடு போட்டது. பெடலில் ஒரு போடு போட்டது. டக், டக் என்று நான் வருவது தெருமுனையிலேயே கேட்கும். தெருவுக்குள் சைக்கிள் மணியை அடிக்கக் கூடாது, ஆள் திரும்பிப் பார்க்கும் என்று வேறு அம்மா சொல்லியிருந்தாள். இவ்வளவு ஈயத்தைக் கட்டிக்கொண்டவளுக்கு மணி எதற்கு?

தெருவார் தங்கள் பங்குக்குச் சட்டம் போட்டார்கள். முந்தானையைச் செருகினால் சண்டைக்குப் போகிறவள் போல இருக்கிறதாம். செருகாவிட்டால் சினிமாக்காரி போல இருக்கிறதாம். எதிர்வீட்டு மாமி கோயில் சபையில் முக்கியமானவள். காலையில் நான் கிளம்பும்போது வாசலில் நின்று தலை முதல் கால் வரை பார்ப்பாள். "கணுக்கால் தெரியுதே" என்று ஒரு நாள் சொன்னாள். அது வீங்கியிருந்ததால் தெரிந்தது. அம்மாவிடம் சொல்ல அவளுக்குச் சரியான குற்றம் ஒன்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் கோயிலில் ஒரு சின்னச் சாமியார் இருந்தார். பெரிய சாமியாருக்கு உதவியாக வந்தவர், இளவயது. கால் வரைக்கும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தாண்ட முடியாது என்பதால் அவரும் லேடீஸ் சைக்கிள்தான் வைத்திருந்தார். காற்றில் அவர் அங்கியும் பறக்கும். அதைப் பற்றி எந்த மாமியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாலை, ஆபீஸ் முடிந்து நான் கோயில் முன்னால் வந்ததும் மணி அடித்துவிட்டது. சாலையே நின்றது. மடித்த வேட்டிகள் எல்லாம் இறங்கின. நானும் இறங்கினேன். முக்காடு போட வேண்டும். முந்தானையோ அம்மா கைவண்ணத்தில் இடுப்போடு இறுகிக் கிடந்தது. சைக்கிளைத் தொடையில் சாய்த்துக்கொண்டு ஊக்கை இழுத்தேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது சைக்கிள் சாய்ந்தது, பாவாடை ஈயம் சக்கரக் கம்பிகளுக்குள் போனது, என்னால் நிற்க முடியவில்லை. பக்கத்தில் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த சின்னச் சாமியார் மேல் போய் விழுந்தேன். அவர் சைக்கிளும் விழுந்தது.

ஈயம் தைத்த கரை என் சக்கரத்திலிருந்து அவர் செயினுக்குத் தாவி, அவருடைய அங்கியின் நுனியையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. வலையை ஈயம் எப்படி விடாதோ, அப்படி விடவில்லை. என் தலையில் முக்காடு இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சின்னச் சாமியார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மொதல்ல ஜெபத்தை முடிப்போம்மா. இது எங்கயும் போயிராது" என்றார்.

அப்படியே நின்றோம். ஊர் முழுவதும் கண்ணை மூடி ஜெபம் சொன்னது. மாமி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

செயினைக் கழற்றி ஒருவழியாக விடுபட்டு, நான் கறுப்பு மசி படிந்த சேலையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. "மணி அடிக்கையில உன் மக தலையில துணி இல்ல. சாமியார் அங்கியும் அவ பாவாடையும் ஒரே செயின்ல கிடக்கு. நான் என்னத்தச் சொல்ல?" என்று மாமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஈயத்தைத் தச்சது யாரு? ஊக்கைக் குத்துனது யாரு?" என்று நான் கத்தினேன். "சைக்கிளுக்கு முந்தானையைச் செருகணும், கோயிலுக்கு அதையே அவுக்கணும். ரெண்டையும் எப்படிம்மா செய்ய?"

"அதுக்குத்தான் பொம்பளை சைக்கிள்ல போகக் கூடாதுங்காவ" என்றாள் அம்மா. சைக்கிளைப் பூட்டினாள். சாவியை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான் பஸ்ஸில் போனேன். அதாவது, பஸ்ஸுக்காக நின்றேன். ஆபீசுக்குத் தினமும் பிந்தினேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, "அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளைப் பாக்க வேண்டியதுதாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் காதில் அது விழவில்லை. அவள் வேறு கவலையில் இருந்தாள்.

கடலில் புயல் அடித்திருந்தது. அப்பாவின் தோணி வந்திருக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. மற்றத் தோணிகள் வந்துவிட்டன. அப்பாவின் தோணியைக் கண்டதாக அவற்றில் வந்த ஒருவரும் சொல்லவில்லை. அம்மா எழுந்ததும் கடற்கரைக்குப் போவாள், திரும்பி வந்து குசினியில் அடுப்படிப் பாத்திரம் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள். அழ மாட்டாள். அழுதால் உண்மையாகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மேனேஜர் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து மதியச் சமையல் நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா! தண்டலண்ணாச்சி தோணியைப் புது ஹார்பருக்கு இழுத்துட்டு வாராவ. பாய்மரம் முறிஞ்சு கிடக்காம். ஒரு ஆளுக்குப் பலமா அடியாம்."

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"தெரியலக்கா. கேட்டதும் இங்கனதான் ஓடிவந்தேன்."

அம்மா கையைக் கழுவவில்லை. இடுப்பிலிருந்து முந்தானை முடிச்சை இழுத்தாள். இறுகிப்போன முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாவியை என்னிடம் நீட்டினாள்.

"எடுளா சைக்கிளை."

கேரியரில் உட்காரும் பெண்ணுக்குச் சட்டம் உண்டு. இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, முக்காட்டோடு, சீட்டைப் பிடித்து அடக்கமாக உட்கார வேண்டும். அம்மா அப்படித்தான் உட்கார்ந்தாள். தெருமுனை வருவதற்குள் சரிந்தாள், சைக்கிளும் ஆடியது. "நிறுத்து" என்றாள். இறங்கினாள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகினாள், முந்தானையைச் சுற்றி இடுப்பில் சொருகினாள், ஆண்பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப மிதி."

கோயிலை நெருங்கும்போது மதிய மணி அடித்தது.

சாலை நின்றது. சைக்கிள்கள் நின்றன. வேட்டிகள் இறங்கின. கோயில் படியில் நின்ற பெண்கள் முக்காட்டை இழுத்தார்கள், மாமியும் அவர்களோடு நின்றாள். என் கை பழக்கத்தில் பிரேக்கைப் பிடித்தது. முதுகில் பலமாக ஒரு குத்து விழுந்தது.

"நிறுத்தாதளா! மிதி! மாதாவுக்குத் தெரியும்."

அத்தனை பேர் அசையாமல் நிற்க, எங்கள் சைக்கிள் மட்டும் அவர்களுக்கு நடுவே போனது. என் தலையிலும் துணி இல்லை, அம்மா தலையிலும் இல்லை. அம்மா என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என் ரவிக்கை நனைந்தது. உப்பளச் சாலையில் வாடைக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. அன்று என் பாவாடையில் ஈயம் இல்லை. அது எங்கே பறந்தது, எவ்வளவு பறந்தது என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

துறைமுகத்தில் மொட்டையாக நின்றது தோணி. அடிபட்டது தோணியின் சமையல்காரருக்கு. காலில் முறிவு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா முழுசாக நின்றுகொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள், அப்புறம்தான் அழுதாள். அத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதாள். நானும் அழுதேன்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அம்மாவின் பார்வை கீழே போனது.

"இது என்ன கோலம்?"

அப்பா ஒரு நீல அரைக்கால் சட்டை போட்டிருந்தார். அவர் பெட்டி கடலோடு போய்விட்டதாம், கட்டியிருந்த சாரம் கிழிந்துபோனதாம். வழியில் கண்டு உதவிய கப்பல்காரர்கள் கொடுத்தது இது. வெயிலே பட்டிராத அவர் தொடையை நான் அன்றுதான் பார்த்தேன். புயலில் பாய்மரம் முறிந்தபோது கூட அவர் இவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டார். அம்மா முந்தானையை அவிழ்த்து, முக்காடு போட்டு, விட்டுப்போன மணி ஜெபத்தை முழுதாகச் சொன்னாள். அப்பா அரைக்கால் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே ஜெபத்துக்குப் பதில் சொன்னார். அது இறங்கவில்லை.

துறைமுக ஆபீசில் கேட்க வேண்டியவர்கள் கேட்டு, எழுத வேண்டியவர்கள் எழுதி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. செய்தி கொண்டுவந்தவர் எங்கள் பின்னாலேயே வந்திருந்தார். தன் சைக்கிளை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாங்கவில்லை.

"நீங்க போங்க. நான் இருட்டின பொறவு வாரேன். இல்லைன்னா ஒரு வேட்டி கொடுத்தனுப்பு."

"கடல்ல போன உயிரு திரும்பி வந்திருக்கு" என்றாள் அம்மா. "வேட்டி வரட்டும்னு அது இங்கன காத்துக் கிடக்கணுமாக்கும்? ஏறுங்க."

அப்பா ஏறினார். அம்மா முக்காட்டை எடுத்து, முந்தானையை அவளே சுற்றி இறுக்கிச் செருகினாள். ஊக்கு இல்லை, ஈயம் இல்லை. கேரியரில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். இந்த முறை எதிர்க்காற்று, மூச்சு வாங்கியது. என்றாலும் அன்று போல நான் சுகமாக மிதித்ததில்லை.

கோயில் முன்னால் சின்னச் சாமியார் தன் லேடீஸ் சைக்கிளோடு நின்றார். அம்மாவின் சேலையைப் பார்த்தார், அப்பாவின் காலைப் பார்த்தார், தன் அங்கியைப் பார்த்துக்கொண்டார்.

"தண்டலே, சைக்கிளுக்கு இதுதான் சரியான உடுப்பு" என்று சொல்லிக் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுத்தார்.

தெருவுக்குள் திரும்பினோம். சாயங்கால நேரம், எல்லாரும் வாசலில் இருந்தார்கள். எதிர்வீட்டு மாமி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் ஓரமாக ஒதுங்கினேன். முதுகில் மறுபடியும் ஒரு குத்து விழுந்தது.

"ஏளா, மணியை அடி."

"எதுக்க யாரும் இல்லையேம்மா."

"இல்லாட்டா என்ன? திரும்பிப் பாக்கட்டும். அடி."

அடித்தேன். பின்னால் வந்த அப்பாவும் அடித்தார். மாமி திரும்பினாள், தெருவே திரும்பியது. அம்மா சேலையை இறக்கிவிடாமல், தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்தாள்.

மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பியபோது சாவி பூட்டிலேயே இருந்தது. அம்மா அதை அப்புறம் கேட்கவே இல்லை.